எறும்பு விந்தணுவைப் பார்க்க: ஒளி நுண்ணோக்கியா, எலக்ட்ரான் நுண்ணோக்கியா?

எறும்பு, தேனீ, குளவி விந்தணுக்களை ஆராயத் தொடங்குபவர்கள் பலரும் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

உழைப்பு, செலவு
ஒளி: ஆணின் விந்துப்பையைத் திறந்து, கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றினால் அன்றே பார்த்துவிடலாம்.
எலக்ட்ரான்: திசுவைக் கெடாமல் நிலைப்படுத்தக் குளூட்டரால்டிஹைடு, ஆஸ்மியம் ஆகிய வேதிப்பொருள்கள், பிசினில் பதித்தல், அப்புறம் வைரக் கத்தியால் மிக மெல்லிய சீவல்கள். நாட்கள் ஓடும், பணமும் கரையும்.

என்ன தெரியும்?
ஒளி: மொத்த நீளம், டேப்பி (டி.என்.ஏ-வில் ஒட்டி ஒளிரும் சாயம்) ஏற்றினால் ஒளிரும் உட்கரு. சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே எல்லாம் மங்கல்.
எலக்ட்ரான்: விருந்தே இங்குதான். வாலின் குறுக்குவெட்டில் 9+9+2 என (வெளியே 9 துணைக்குழல்கள், உள்ளே 9 இரட்டைக்குழல்கள், நடுவில் 2) அடுக்கிய நுண்குழல்கள், பக்கத்தில் இரண்டு மைட்டோகாண்ட்ரியத் திரிபுகள் (மைட்டோகாண்ட்ரியாக்கள் இணைந்து நீண்ட உறுப்புகள்), உட்கருவுக்குப் பின்னே சென்ட்ரியோல் துணைப்பொருள் என்ற அடர்த்தியான பொருள், தலை முனையில் முட்டைக்குள் நுழைய உதவும் அக்ரோசோம். ஆனால் சீவலை வைத்து முழு நீளத்தை அளக்க முடியாது.

பல கூடுகளின் ஆண்களை நீளத்தில் ஒப்பிடவா? ஒளியே போதும். விந்தணுவின் உள்ளமைப்பை வைத்து இனங்களுக்கிடையே உறவைத் தேடவா? எலக்ட்ரான் இல்லாமல் நடக்காது. விந்தணு உருவாகும் கட்டங்கள் வேண்டுமென்றால் கூட்டுப்புழுப் பருவ ஆண்களை எடுங்கள். வளர்ந்த ஆண் எறும்பில் விந்தகம் பெரும்பாலும் சுருங்கியிருக்கும்.