சாப்போவா, பிண்டாரா: முதலில் யாரைப் படிப்பது?

பழைய கிரேக்கப் பாடல்களுக்குள் நுழைபவர்கள் தயங்குவது சாப்போ என்ற பெண் கவிஞர், பிண்டார் என்ற ஆண் கவிஞர் ஆகிய இந்த இருவருக்கு நடுவில்தான்.

கிடைப்பது: சாப்போவுக்கு முழுமையாக எஞ்சியது காதல் தெய்வமான அப்ரோடைட்டியின் துதி ஒன்றுதான். மற்றவை எகிப்திய பாப்பிரஸ் (நாணல் தாள்) கிழிசல்களிலும் பிறரின் மேற்கோள்களிலும் தப்பிய துண்டுகள். பிண்டாருக்கு விளையாட்டு வெற்றிப் பாடல்களே 45 இருக்கின்றன.

எளிமை: பிண்டாருக்கு அடிக்குறிப்பு வேண்டும், வீரனைப் புகழும்போதே சட்டென்று புராணத்துக்குள் தாவிவிடுவார். சாப்போ உடம்பிலிருந்து பேசுகிறார். ஒரு பாடலில், விரும்பிய பெண்ணைப் பார்த்ததும் நாக்கு உடைகிறது, தோலுக்கடியில் தீ ஓடுகிறது, காது இரைகிறது, புல்லைவிடப் பச்சையாகிவிடுகிறார். சுமார் 2600 வருடம் கழித்தும் சுடுகிறது!

தாக்கம்: சாப்போவின் அந்தப் பாடலை ரோமானியக் கவிஞர் காட்டுல்லஸ் லத்தீனுக்குக் கொண்டுபோனார். பிண்டாரை இன்னொரு ரோமானியக் கவிஞரான ஹோரஸ் வியந்தார்.

சரி, புராணமும் விழாவும் பிடிக்குமென்றால் பிண்டார். மற்றவர்களுக்குச் சாப்போதான், விடுபட்ட இடங்களை இட்டு நிரப்பாத பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.