டிசர்டேஷன் கோடையில் கிளாஸ்டன்பரியா, ப்ரோம்ஸா?

லண்டனில் ஒரு வருட முதுகலை படிக்க வருகிறவர்களுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. மே, ஜூனில் தேர்வு முடியும், உடனே டிசர்டேஷன், அதாவது ஆய்வேடு எழுதும் வேலை, ஆரம்பிக்கும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அதைக் கொடுத்தாக வேண்டும். நேரடி இசை கேட்க இங்கிலாந்தில் மிக நல்ல காலமும் அதேதான். அதனால் புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்வி: கையில் இருக்கும் காசையும் நாளையும் எதில் போடுவது? கூடாரம் அடித்துத் தங்கி ராக், பாப் கேட்கும் கிளாஸ்டன்பரி திருவிழாவிலா, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் மேற்கத்திய சாஸ்திரிய இசைக் கச்சேரித் தொடரான பிபிசி ப்ரோம்ஸிலா?

நான் ப்ரோம்ஸ் பக்கம். டிசர்டேஷன் எழுதிய 2025 கோடை முழுவதும் அங்கே நின்று கேட்டவள் என்பதால் சாய்வு இருக்கத்தான் செய்யும். என்னோடு ஒரே வீட்டில் இருந்த தோழி கிளாஸ்டன்பரிக்குப் போனாள். அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவள் சொன்னதும், டிக்கெட் வாங்க அவளோடு உட்கார்ந்தபோது பார்த்ததும்தான்.

விலையை முதலில் முடித்துவிடலாம். 2025 கிளாஸ்டன்பரி டிக்கெட் 373.50 பவுண்டு, அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்டு. அதே ஆண்டு ப்ரோம்ஸில் நின்று கேட்க 8 பவுண்டு. அந்த ஏப்ரலிலிருந்து 21 வயது நிறைந்தவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் கிளாஸ்டன்பரி டிக்கெட்டுக்கு மட்டும் 31 மணி நேரம் வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டூடண்ட் விசாவில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 20 மணி நேரம்தான். டிசர்டேஷன் காலமும் படிப்புக் காலமாகவே கணக்கில் வருவதால், கோடைதானே என்று முழு நேரம் வேலை பார்க்கவும் வழியில்லை. கிளாஸ்டன்பரி போகும் வாரத்தில் இந்த 20 மணி நேரச் சம்பளமும் பெரும்பாலும் போய்விடும். இருந்தாலும் ஐந்து நாள், ஏகப்பட்ட மேடைகள், விடிய விடிய இசை என்று பார்த்தால் அந்த விலை அநியாயம் இல்லை என்று தோழி அடித்துச் சொல்கிறாள். அவள் கேட்டுவிட்டு வந்த பெயர்களைப் பார்த்தால் நானும் மறுக்க மாட்டேன்.

வெம்ப்ளி, ஓ2 போன்ற லண்டன் பெரிய அரங்குகளில் நடக்கும் நம் சினிமா இசை நிகழ்ச்சிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது ஒரு மாலை வேலை. நல்ல இருக்கை வேண்டுமென்றால் விலை ஏறும், நண்பர்கள் கூட்டமாகப் போனால் நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

விலையைவிட முக்கியம் என்று நான் நினைப்பது, போவதா வேண்டாமா என்று எந்தத் தேதியில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்பது. டிசர்டேஷன் எழுதுகிறவர்கள் இதை யோசிக்காமல் டிக்கெட் வாங்கக் கூடாது.

2025 ஜூன் கடைசியில் நடந்த கிளாஸ்டன்பரிக்கு டிக்கெட் விற்பனை 2024 நவம்பரில். அதற்கு முன்பே புகைப்படத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும். பொது விற்பனை தொடங்கி சுமார் 35 நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. நவம்பர் என்பது நாம் வந்து இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். தேர்வு எந்தத் தேதியில் முடியும், சூப்பர்வைசர் யார், தரவு எப்போது கையில் கிடைக்கும், எதுவும் தெரியாது. அப்போது முன்பணம் கட்டி, ஏப்ரலில் மீதியைக் கட்ட வேண்டும். டிக்கெட்டில் வாங்கியவரின் புகைப்படமே இருக்கும். கள்ளச்சந்தைக்காரர்களைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஜூனில் வேலை மாட்டிக்கொண்ட மாணவருக்கு அது இறுக்கமான பூட்டு, நண்பருக்குக்கூடக் கைமாற்ற முடியாது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் பணம் போனதுதான். தோழிக்கு எத்திக்ஸ் அனுமதி (ஆய்வுக்காக ஆட்களிடம் பேசக் கல்லூரி தரும் ஒப்புதல்) தாமதமாகி, அவள் நேர்காணல் எடுக்க வேண்டிய வாரம் சரியாகத் திருவிழா வாரத்தில் வந்து விழுந்தது. ஒருவழியாகத் தேதியை மாற்றிக்கொண்டு போய் வந்தாள். ஆனால் ஜூன் முழுக்க அவள் முகத்தில் இருந்த பதற்றத்தை நான் பார்த்தேன்.

ப்ரோம்ஸில் இது தலைகீழ். நின்று கேட்கும் டிக்கெட்டுகளில் பெரும்பகுதி அன்று காலையில்தான் இணையத்தில் விற்பனைக்கு வரும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை எட்டு வாரம், 2025இல் மொத்தம் 86 கச்சேரிகள். சில வேறு ஊர்களில் நடந்தாலும் பெரும்பாலானவை ஆல்பர்ட் ஹாலில்தான். காலையில் எழுந்து, அத்தியாயம் எந்த நிலையில் இருக்கிறது, இன்று சூப்பர்வைசருக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். போகவில்லை என்றால் நஷ்டம் எதுவும் இல்லை, இரண்டு நாள் கழித்து வேறொரு ஆர்கெஸ்ட்ரா வரும். சாயங்காலம் வரை எழுதிவிட்டுக் கிளம்பினால் போதும். சௌத் கென்சிங்டன் ஸ்டேஷனில் இறங்கி எக்சிபிஷன் ரோட்டில் நடந்தால் கால் மணி நேரம், அல்லது 9, 52 எண் பஸ். இம்பீரியல் காலேஜில் படிக்கிறவர்களுக்கு அதுவும் வேண்டாம், ஹால் பக்கத்திலேயே இருக்கிறது. பத்து மணி வாக்கில் முடிந்தால் இரவு சொந்தக் கட்டிலில் தூக்கம், மறுநாள் காலை வேலை வழக்கம்போல. கிளாஸ்டன்பரியிலிருந்து வந்த தோழிக்குத் துணி துவைத்து, தூக்கம் தீர்ந்து, மறுபடி எழுத உட்காரவே அடுத்த வாரம் ஆகிவிட்டது. ஐந்து நாள் என்று நினைத்துப் போட்ட திட்டம் அப்படித்தான் நீளும்.

எந்தக் கச்சேரிக்கும் போக முடியாத வாரத்திலும் ப்ரோம்ஸ் கையை விட்டுப் போவதில்லை. எல்லாக் கச்சேரியும் பிபிசி ரேடியோ 3இல் நேரடியாக வரும். ரேடியோவுக்கு டிவி லைசென்ஸ் வேண்டாம், பிபிசியின் இணைய வீடியோ சேவையான ஐபிளேயரில் பார்க்கத்தான் வேண்டும். மேற்கோள் பட்டியல் சரிபார்க்கும் இரவுகளில் எனக்கு அதுதான் துணை.

நின்றுகொண்டா இரண்டு மணி நேரம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 1895இல் லண்டன் குவீன்ஸ் ஹாலில் இசை நடத்துனர் ஹென்றி வுட் நடத்தத் தொடங்கிய காலத்திலிருந்தே குறைந்த காசுக்கு நின்று கேட்பதுதான் ப்ரோம்ஸின் உயிர். 1941இல் அந்த ஹால் குண்டுவீச்சில் அழிந்த பிறகுதான் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்தார்கள். கீழே அரீனாவில் நின்றால் மேடைக்கு முன்னால், வயலின்காரரின் வில்லில் அறுந்து தொங்கும் ஒற்றை முடிகூடத் தெரியும் தூரம். பியானோ மூடியைத் தூக்கும்போது அரீனாக்காரர்கள் “ஹீவ்” என்று கத்துவார்கள், மேலே கேலரியிலிருந்து “ஹோ” என்று பதில் வரும். அடுத்த நிமிடம் அத்தனை பேரும் மூச்சுவிடுகிற சத்தம் இல்லாமல் நிற்பார்கள். சென்னையில் மார்கழி மத்தியானக் கச்சேரிகளில் உட்கார்ந்து பழகிய எனக்கு அந்த அமைதி மிகவும் பிடித்துப்போனது. 2025 மார்ச் 8இல் லண்டன் ஹாமர்ஸ்மித் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகு, முழு ஆர்கெஸ்ட்ராவைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகள் பலருக்கு வந்திருந்தது. அவர்களுக்கு நான் சொன்ன இடமும் இதுதான்.

சரி, யாருக்குக் கிளாஸ்டன்பரி? ராக், பாப், மின்னிசை தவிர வேறு எதிலும் மனம் ஒட்டாதவர்களுக்கு ப்ரோம்ஸ் மாற்றாகாது. அங்கே பெரும்பகுதி மேற்கத்திய சாஸ்திரிய இசைதான். இன்னொரு விஷயம் தேதி. தேர்வு ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும், டிசர்டேஷன் சூடுபிடிக்க ஜூலை ஆகும் என்று உறுதியாகத் தெரிந்த துறைகளில் ஜூன் கடைசி வாரம் நல்ல இடைவெளி. கூட்டமாகத் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுக் கொண்டாட ஆசைப்படுகிறவர்களுக்கும் அதுதான் சரி, ப்ரோம்ஸில் அந்தக் கூட்டுக் கும்மாளம் கிடைக்காது.

ஆக்ஸ்ஃபாம் போன்ற தொண்டு அமைப்புகள் வழியாகக் கிளாஸ்டன்பரிக்குத் தொண்டராகப் போனால் டிக்கெட் காசு இல்லாமல் உள்ளே போகலாம் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். சுமார் எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று பார்க்க வேண்டும், அதாவது சுமார் 24 மணி நேரம். விசா விதிகளில் சம்பளமில்லாத வேலையும் 20 மணி நேரக் கணக்கில் சேரும், வெறும் தொண்டு சேராது. இந்த ஷிப்ட் எந்தப் பக்கம் வரும் என்று நண்பர்கள் பேச்சை நம்பி முடிவு செய்யாமல், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் அந்த வழியில் போனதில்லை.

2026 கிளாஸ்டன்பரிக்கு ஓய்வு ஆண்டு, நிலத்தைச் சும்மா விடுவார்கள். அந்தக் கோடையில் டிசர்டேஷன் எழுதுகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. முதல் முறை ப்ரோம்ஸ் போகிறவர்கள் கேலரி டிக்கெட் எடுங்கள். அங்கே சுவரில் சாயலாம், தரையில் உட்காரலாம், துண்டு விரித்துப் படுத்துக்கொண்டும் கேட்கிறார்கள். கால் பழகிய பிறகு அரீனாவுக்கு இறங்கலாம்.