மூடுபனி ஊருக்கு எந்த ஷாஃப்ட்: மேப்பிளா, காபன் ஃபைபரா?

பூல் விளையாடும் கோலான கியூவின் முன்பாதியான ஷாஃப்டை மாற்ற நினைப்பவர் வாசிக்கிற விமர்சனங்களில் பெரும்பாலும் வெள்ளைப் பந்தின் விலகலைப் பற்றித்தான் இருக்கும். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் விளையாடுகிறவர் அதற்கு முன்னால் ஈரத்தைப் பார்க்க வேண்டும்.

மேப்பிள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் திரும்ப விடும். மரத்தின் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீங்கிச் சுருங்குவதில்லை, ஷாஃப்ட் வளைவது அதனால்தான். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதற்குள் வரும் ஆடி மாதத்தில் பதுளை இருக்கும் ஊவாவில் வறண்ட காற்று, அங்கே மழை மார்கழியில். ஹட்டனிலிருந்து பதுளைக்குப் போட்டிக்குப் போகும் கியூ ஒரே நாளில் இரண்டு காற்றையும் பார்க்கிறது. சுவரில் சாத்தி வைத்தால் வளைவு இன்னும் சீக்கிரம் வரும். ஈரம் போகட்டும் என்று அடுப்பங்கரையில் வைப்பது அதைவிட மோசம்: ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வெடிக்கும். கடினமான உறையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பதே சரி.

காபன் ஃபைபர் ஈரத்தால் வளையாது. நமது ஊரில் அதற்குப் பணம் கொடுப்பதற்கு முதல் காரணம் இதுதான். ஆனால் பின்பாதி இன்னும் மரம்தான் என்பதை மறக்கக்கூடாது. கியூவை முழுதாகப் பூட்டி மேசையில் உருட்டும்போது ஆடினால் ஷாஃப்டைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். ஷாஃப்டைத் தனியாகக் கழற்றி உருட்டி, அதற்கும் மேசைக்கும் நடுவில் தெரியும் வெளிச்சக் கீற்று கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். கீற்று மாறாமல் இருந்தால் கோளாறு இரண்டு பாதியும் பூட்டும் ஜொயின்டிலோ பின்பாதியிலோ இருக்கிறது.

இனி விலகல். பக்கவாட்டில் ஸ்பின் கொடுத்து அடிக்கும்போது, அடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வெள்ளைப் பந்து சற்று விலகிப் போகும். அதன் அளவைத் தீர்மானிப்பது, பந்தில் படும் நுனித் தோலான டிப்பை ஒட்டிய முதல் சில அங்குலங்களின் எடை. காபன் என்பதாலேயே விலகல் குறைவதில்லை. முன்நுனி இலேசாக இருப்பதால் குறைகிறது. பிரிடேட்டர் 314 போன்ற குறைவிலகல் மர ஷாஃப்ட்கள் அதையே மரத்தில் செய்கின்றன. 12.4 மில்லிமீற்றர் ரெவோ, 12.5 மில்லிமீற்றர் கியூடெக் சினர்ஜி ஆகிய காபன் ஷாஃப்ட்களுக்கும் அந்த மரத்துக்கும் இடையிலான வித்தியாசம் சிறிது. 13 மில்லிமீற்றர் சாதாரண மேப்பிளிலிருந்து இவற்றில் ஏதாவதொன்றுக்கு மாறினால்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். பழைய குறியோடு அடித்தால் பந்து தவறும். கை பழக சில வாரம் பிடிக்கும்.

வாங்கும் முன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பந்துகளை ஐந்தடி இடைவெளியில் நேராக வைத்து, கியூவை இயன்றவரை மட்டமாகப் பிடித்து, ஒரு டிப் அகலம் வலப்பக்கம் தள்ளி, குறிக்கோட்டுக்கு இணையாக ஓரளவு பலமாக அடியுங்கள். மெதுவாக அடித்தால் ஸ்பின் பந்தை வளைத்துத் திருப்பிக் கொண்டுவந்து கணக்கைக் குழப்பும். ஒவ்வொரு ஷாஃப்டிலும் பத்து முறை அடித்து, வெள்ளைப் பந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். மேசைத் துணி ஈரமேறியிருந்தால் பந்து கனமாக ஓடும், அதற்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பில்லை.

பராமரிப்பில் காபன் இலகு. கை எண்ணெயும் சோக்கும் படிந்து ஒட்டினால் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். மரத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்தி, தோல் துண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மணற்கடதாசி இரண்டுக்குமே வேண்டாம்: மரம் மெல்ல மெல்லச் சிறுத்துவிடும், காபனின் மேற்பூச்சுப் போய்விடும்.

மரம் ஜெயிக்கும் இடமும் உண்டு. சிறு பள்ளம் விழுந்தால் ஈரத்துணி வைத்துச் சூடு காட்டி எழுப்பலாம். காபனில் ஆழமாகச் சில்லுப் பெயர்ந்தால் அதோடு சரி. டிப் மாற்றுவதும் அப்படியே. மர ஷாஃப்டின் டிப்பைப் பொறுமையுள்ள எவரும் பிளேடும் சூப்பர் குளுவும் கொண்டு வீட்டிலேயே மாற்றலாம். காபனில் பிளேடு வழுக்கி ஓரத்து நார் பெயர்ந்தால் சரிசெய்ய வழியில்லை. ஓரத்தில் டேப் சுற்றி, லேத்தில் போட்டுச் செய்பவரிடம் கொடுங்கள். அப்போது வரும் காபன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

வாரத்துக்கு மூன்று நாள் விளையாடி, மழையில் பஸ் ஏறி கியூவைச் சுமந்து போகிறவருக்குக் காபன் தகும். வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர் குறைவிலகல் மேப்பிளும் நல்ல உறையும் வாங்கினால் பணம் மிஞ்சும். ரெவோ அமெரிக்காவிலேயே 500 டொலரைத் தாண்டுகிறது, இறக்குமதிச் செலவு வேறு.

எதை வாங்கினாலும் ஜொயின்டைப் பாராமல் ஓடர் செய்யாதீர்கள். பின்பாதியின் ஜொயின்டில் நீட்டிக்கொண்டிருக்கும் புரி முள்ளில் ஒரு கடதாசியை அழுத்தி, பதியும் புரிக்கோடுகளை ஓர் அங்குலத்துக்கு எண்ணுங்கள். 10, 14, 18 என்று வரும் எண்ணோடு முள்ளின் விட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் புரிகளைப் பலவந்தமாக முறுக்கினால் புது ஷாஃப்டின் புரிதான் முதலில் அழியும்.