ஹனுக்கா எண்ணெய் என்று 480 ஷெக்கெலை ஏமாற்றிவிட்டார்கள், உஷார்

ஜெருசலேமில் வீட்டுப் பராமரிப்பு வேலையில் இருக்கும் நம் ஆட்களே, இதைப் படித்துவிட்டு எண்ணெய் வாங்குங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் எட்டு நாளும் விளக்கு ஆலிவ் எண்ணெயில்தான் எரிய வேண்டும். எல்லா எண்ணெயும் செல்லும், ஆனாலும் ஆலிவ்தான் உசத்தி என்று அவர்களுடைய சட்ட நூலான தல்மூதிலேயே இருக்கிறது. ஜெருசலேமில் யூதர்களின் கோவில் இருந்த காலத்தில் முதலில் வடிந்த எண்ணெய் கோவில் விளக்கான மெனோராவுக்கு, அதற்கடுத்ததுதான் மாவுக் காணிக்கைக்கு. இப்போது விளக்குக்கு என்று கடையில் விற்பதோ பெரும்பாலும் வாயில் வைக்க லாயக்கில்லாதது. அதனால் பாட்டி தான் சாப்பிடும் எண்ணெயைத்தான் விளக்குக்கும் ஊற்றுவார்.

போன் குழுவில் விற்கும் ஓர் ஆள். கலிலேயாவில் சொந்தத் தோப்பு, சூரி என்ற ஆலிவ் ரகம், இந்த வருஷ அறுவடை என்றான். வாசலுக்கே வந்து ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தான். முதலில் கசப்பு, அப்புறம் தொண்டையில் சுருக்கென்று காரம், இருமலே வந்துவிட்டது. புது எண்ணெய் அப்படித்தான் இருக்கும். அந்த இருமலை நம்பித்தான் பணம் அனுப்பினேன். ஐந்து லிட்டர் டின் இரண்டு, 480 ஷெக்கெல். மூடியில் சீல், பக்கவாட்டில் யூத உணவு விதிப்படி சரி என்று சொல்லும் கோஷர் முத்திரை, எல்லாம் கச்சிதம்.

திறந்தால் பச்சை நிறம் மட்டும்தான். கசப்பில்லை, காரமில்லை, வாசனையில்லை. பாட்டி ரொட்டியில் தொட்டு ஒரு வாய் வைத்தார். “இது சோயா” என்று தட்டைத் தள்ளிவிட்டார். தலைமைக் குருவின் முத்திரை உடையாத ஒரே ஒரு குப்பி எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதத்துக்காகக் கொண்டாடும் பண்டிகை இது. அதற்குப் போய் சீல் வைத்து போலியை விற்கிறார்களே, இவர்களுக்கு மனசு எப்படி வருகிறது?

கேட்டால் முதலில் “குளிருக்கு வாசனை தெரியாது” என்றான். அப்புறம் “கொஞ்ச நாள் தெளியட்டும்” என்றான். “உன் பாட்டிக்கு வயசாகிவிட்டது, நாக்கு செத்திருக்கும்” என்றும் சொன்னான். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். குழு நடத்துபவர், “விற்பவருக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டார். 480 ஷெக்கெல், பென்ஷனில் வாழும் ஒரு கிழவியின் பணம்!

நல்ல எண்ணெயைப் பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், விளக்கேற்ற நேரமாகிவிட்டது. நிறத்தை நம்பாதீர்கள், சாயம் போடலாம். ஃப்ரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது சோதனையே இல்லை. முதல் தர எண்ணெய்க்கு அடையாளமான ‘அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள்’ என்பதை டின்னில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வாங்கப்போகும் டின்னையே திறந்து ருசி காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால் டின்னைத் தூக்கிப் போடாதீர்கள், புகார் கொடுக்க அது வேண்டும்.