டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டைப் பெருக்குதல்: பிரித்து நடுவதா, கெய்கியா, தண்டுத் துண்டா, விதையா?

சென்னை போன்ற வெப்பமான கடற்கரை நகரங்களில் மாடியிலும் பால்கனியிலும் ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பவை சோனியா, எம்மா ஒயிட் போன்ற டென்ட்ரோபியம் கலப்பினங்களே. வாங்கிய சில ஆண்டுகளில் தண்டுகள் தொட்டி விளிம்பைத் தாண்டிவிடும். அப்போது ஒரு செடியை இரண்டாக்கும் ஆசை வருவது இயல்பு. அதற்கு நான்கு வழிகள் உள்ளன: தொட்டியைக் கவிழ்த்துப் பிரித்து நடுவது, தண்டின் கணுவில் தானாக முளைக்கும் கெய்கி என்னும் கன்றை எடுத்து நடுவது, பழைய தண்டைத் துண்டுகளாக்கி முளைக்க வைப்பது, விதையிலிருந்து வளர்ப்பது. என் வீட்டில் பெருக்கத்துக்குக் கெய்கியையே நம்புகிறேன். பிரித்து நடுவதைத் தொட்டி நிறைந்து வேறு வழியில்லாதபோது மட்டும் செய்கிறேன். இந்த அலசல் அந்தச் சார்போடுதான் எழுதப்படுகிறது.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விதையைத் தவிர மற்ற மூன்றுக்கும் ஒரு கூரிய கத்தி, கொஞ்சம் கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை போதும். நிறம் மாறுமா என்ற கேள்விக்கும் விடை எளிது: விதையில் மாறும், மற்ற மூன்றிலும் தாய்ச்செடியின் பூவே வரும். எதைத் தேர்வது என்பதை உண்மையில் தீர்மானிப்பது வேர்தான். தாயிடமிருந்து பிரியும் நாளில் புதுச் செடிக்குச் சொந்தமாக உயிருள்ள வேர் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் நான்கு வழிகளும் தாமாகவே வரிசைப்பட்டுவிடும்.

ரோஜாவின் வேர் அறுந்தால் அருகிலேயே புதிய வேர்கள் கிளைக்கும் என்று நாம் பழகியிருக்கிறோம். ஆர்க்கிட்டின் வேர் அப்படிப்பட்டதல்ல. அதன் வெளிப்புறத்தில் வெள்ளையாகத் தெரிவது வெலமன் என்னும் இறந்த செல்களாலான உறை. நீரை நொடியில் உறிஞ்சி உள்ளே இருக்கும் மெல்லிய நரம்புக்குக் கொடுப்பது அதன் வேலை. வேர் நீள்வது பச்சையாக இருக்கும் நுனியில் மட்டுமே. நுனி ஒடிந்த வேர் மேலும் நீள்வதில்லை. சில சமயம் பின்னால் ஒரு கிளை விடும், அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு டென்ட்ரோபியத்தில் புது வேர்கள் புதிதாக வளரும் தண்டின் அடியிலிருந்துதான் புறப்படுகின்றன. முதிர்ந்த தண்டு மீண்டும் வேர்விடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

பிரித்து நடுவதை இந்த அளவுகோலால் பார்த்தால் அதன் குறை புரியும். மண் தொட்டியின் சுவரிலும் கரித் துண்டுகளிலும் ஒட்டிக்கொண்ட வேர்கள், செடியை வெளியே எடுக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் கிழிகின்றன. தண்டுகளை அடியில் ஒன்றாக இணைத்துக் கிடையாக ஓடும் அடித்தண்டை வெட்டி இரு பாகமாக்கும்போது புதுக் குருத்துள்ள முன்பாகம் விரைவில் தேறிவிடும். பழைய தண்டுகள் மட்டும் உள்ள பின்பாகம், உறங்கும் மொட்டு விழித்துக் குருத்தாகி அந்தக் குருத்து வேர்விடும் வரை, சேமித்து வைத்த நீரையும் உணவையும் செலவழித்தே வாழ வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் குறைந்தது மூன்று அல்லது நான்கு தண்டுகள் இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். அந்த விதியைக் கடைப்பிடித்தால் பெரும்பாலும் செடி பிழைக்கும். முன்பாகம் அடுத்த பருவத்திலேயே பூக்கவும் கூடும். பூக்கும் வேகத்தில் மற்ற மூன்றும் இதனுடன் போட்டியிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆரோக்கியமாகப் பூத்துக்கொண்டிருக்கும் செடியை, எண்ணிக்கைக்காக மட்டும் அந்தச் சோதனைக்கு உட்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

கெய்கியின் சிறப்பு, தாயைப் பிரிந்த பின் அது வேரில்லாமல் ஒரு நாளும் இருப்பதில்லை என்பதுதான். முதிர்ந்த தண்டின் மேற்பகுதிக் கணுவில், பூங்கொத்து வர வேண்டிய இடத்தில், இரண்டு மூன்று இலைகளோடு ஒரு சிறு செடி எழுகிறது. அது இலை விட்டு, தன் தண்டைத் திரட்டி, அடியிலிருந்து வேர்களைக் காற்றில் நீட்டும் காலம் முழுவதும் தாயின் தண்டு அதற்கு ஊட்டுகிறது. வேர்கள் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீண்ட பிறகே அதைப் பிரிக்க வேண்டும். அந்த நிலையில் கன்றை மெல்லத் திருகினாலோ, இருபுறமும் தாய்த்தண்டின் சிறு பகுதியோடு வெட்டினாலோ, புதுத் தொட்டிக்குப் போகும் செடியில் ஒரு வேர் நுனிகூடச் சேதமாகாது. தாயும் தன் தொட்டியை விட்டு அசைவதில்லை; அதன் அடுத்த பூப் பருவத்துக்கு இடையூறும் இல்லை.

வெயில் காலத்தில் காற்றில் தொங்கும் கெய்கி வேர்களின் நுனி கருகிவிடும் அபாயம் உண்டு. அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஸ்பேக்னம் மாஸ் என்னும், நீரைப் பிடித்துவைக்கும் பாசியை ஈரமாக்கி வேர்ப் பகுதியைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவைக்கலாம். தண்டு வளைந்து கொடுக்குமானால், கரித் துண்டுகள் நிரப்பிய சிறு தொட்டியைக் கன்றுக்கு நேர் கீழே வைத்து, தாயோடு இணைந்திருக்கும்போதே வேர்களை அதற்குள் இறங்க விடலாம். மல்லிகைக் கொடியைப் பதியன் போடுபவர்களுக்கு இந்த முறை உடனே விளங்கும். வேர்கள் கரியைப் பற்றிக்கொண்ட பிறகு தண்டை வெட்டினால், செடி தான் பிரிக்கப்பட்டதையே உணராதது போல் வளர்ச்சியைத் தொடர்கிறது. இரண்டாவது முறையே எனக்கு அதிகம் பிடித்தது.

இலை உதிர்ந்த பழைய தண்டுகளைக் காய்ந்தவை என்று எண்ணிப் பலர் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பச்சையாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோ திடமாக இருக்கும் தண்டு செடியின் சேமிப்புக் கிடங்கு. அதிலிருந்து மறுபடியும் பூங்கொத்து வரலாம், கெய்கியும் வரலாம். பழுப்பேறிச் சுருங்கி, அழுத்தினால் உள்ளே வெற்றாகத் தோன்றும் தண்டை மட்டும் நீக்கினால் போதும்.

கெய்கி நம் விருப்பத்துக்கு வருவதில்லை என்பது இந்த வழியின் பெருங்குறை. சில கலப்பினங்கள் தாராளமாகக் கொடுக்கின்றன. சில பல ஆண்டுகள் ஒன்றும் கொடுப்பதில்லை. தழைச்சத்து மிகுந்த உரம், குறைந்த வெளிச்சம், மிகுந்த வெப்பம் ஆகியவை பூமொட்டைக் கன்றாக மாற்றக்கூடியவை. நோபிலே வகை டென்ட்ரோபியத்துக்குக் குளிர்கால ஓய்வு தேவை. அது கிடைக்காத ஊரில் பூவுக்குப் பதிலாகக் கெய்கிகளே வருவதும் இதனால்தான். ஆனால் கன்று வேண்டும் என்பதற்காக நிழலையும் தழைச்சத்தையும் கூட்டுவது பூவை விலையாகக் கொடுப்பதாகும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொரு எச்சரிக்கையும் அவசியம்: பூவே இல்லாமல் ஒரே சமயத்தில் பல கணுக்களில் கெய்கிகள் தோன்றினால், மகிழ்வதற்கு முன் தொட்டிக்குள் வேர் அழுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தான் பிழைக்க முடியாத தாய், மீதியிருக்கும் சேமிப்பைக் கன்றுகளுக்குக் கொடுக்கும் நிலையாகவும் அது இருக்கலாம்.

தண்டுத் துண்டு முறை ஓரிரு வரிகளில் முடிவது. பூத்து முடிந்த பழைய தண்டை இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, வெட்டுவாயில் பூஞ்சாணக் கொல்லியோ இலவங்கப்பட்டைத் தூளோ தடவி, ஈரமான மாஸின் மேல் நிழலில் கிடத்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கன்று வரலாம். வராமல் துண்டே அழுகவும் செய்யலாம். வேரும் இல்லை, ஊட்டத் தாயும் இல்லை என்பதால் கன்று சிறியதாகவே இருக்கும். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும். ஒடிந்து விழுந்த தண்டை வீணாக்காமல் இருக்க இது நல்ல வழி. திட்டமிட்டுச் செய்வதற்கு ஏற்றதென்று சொல்ல மாட்டேன்.

விதை வழி அறிவுக்கு விருந்து, வீட்டுக்குப் பெரும் சுமை. ஒரு காயில் தூசி போன்ற விதைகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லிலும் அவரையிலும் இருப்பது போன்ற சேமிப்பு உணவு அவற்றில் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை வந்து உணவூட்டினால்தான் முளைக்கும் என்பதை 1899-இல் பிரெஞ்சு ஆய்வாளர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த அகர் கூழ் போதும் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். அதே கூழ் மற்றப் பூஞ்சைகளுக்கும் விருந்து என்பதால், பிரஷர் குக்கரில் கிருமி நீக்கிய குடுவைகளும் தூய காற்றுப் பெட்டியும் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்க முடியாது. இதை நான் செய்து பார்த்ததில்லை. செய்பவர்களின் பொறுமையை மதிக்கிறேன். சோனியாவின் விதையிலிருந்து சோனியா வராது, வருவது பூக்கவும் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது என்பதால், தன் செடியைப் பெருக்க நினைப்பவருக்கு இது பொருந்தாது. புதிய கலப்பினம் உருவாக்க விரும்புபவருக்கு வேறு வழியும் இல்லை.

விதைக்கு உள்ள ஒரு பலத்தை மறைக்கக் கூடாது. சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்ற நோய்கள் பொதுவாக விதையில் தொற்றுவதில்லை. கெய்கியிலும் பிரித்த பாகத்திலும் தாயின் வைரஸ் அப்படியே தொடரும். இலையில் காரணமில்லாத கருங்கோடுகளோ வெளிறிய திட்டுகளோ உள்ள செடியை எந்த வழியிலும் பெருக்க வேண்டாம். அறிகுறி தெரியாத செடியிலும் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தியைத் தீயில் காட்டியே ஆக வேண்டும்.

வாண்டா என்னும் வேறொரு ஆர்க்கிட்டிலும் இதே வேர்க் கணக்குத்தான்: தொங்கும் வேர்கள் இரண்டு மூன்று உள்ள நுனித்தண்டை வெட்டி மாட்டினால் பிழைக்கும், வேரில்லாமல் வெட்டினால் பெரும்பாலும் பிழைக்காது. பேலனாப்சிஸ் என்னும் ஆர்க்கிட்டில் பிரிக்க அடித்தண்டே இல்லை. பூந்தண்டின் கணுவில் ஹார்மோன் பசை தடவிக் கெய்கி வரவழைக்கலாம் என்றாலும், சென்னை வெப்பத்தில் அது பூந்தண்டு விடுவதே அரிது என்பதால் அதில் எனக்கு அனுபவம் குறைவு.

தொட்டிக்குள் தேங்காய் மட்டை மக்கி நீர் தேங்கத் தொடங்கிவிட்டால் கெய்கிக்காகக் காத்திருக்கக் கூடாது. அப்போது பிரித்து நடுவதே சரி. புதுக் குருத்தின் அடியில் வேர் நுனிகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும் வாரம் அதற்கு ஏற்றது. சென்னையில் ஜூன், ஜூலை மாதங்களில் அதைச் செய்துவிட்டால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது வெட்டுக்காயம் ஆறிப் புது வேர் கரியைப் பற்றியிருக்கும்.