சாதாரண ஃபானா, பிஎல்டிசி ஃபானா? ஒரு வன்னி வீட்டுக் கணக்கு

பங்குனி, சித்திரையில் வன்னியில் ஃபான் இல்லாமல் நித்திரை கிடையாது. இரண்டு அறைகளிலும் இருந்த பழைய சீலிங் ஃபான்களைக் கழற்றிவிட்டு பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபான் பூட்டிய நாளிலிருந்து, "உண்மையாகவே கரண்ட் மிச்சமா, இல்லை கடைக்காரர் கதையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மிச்சம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் இல்லை.

காற்று இரண்டிலும் ஒன்றுதான். புதியதில் சத்தம் கொஞ்சம் குறைவு, விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சாதாரண ஃபான் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும். பிஎல்டிசி 30 வாட் அளவில் அதே வேலையைச் செய்யும். பழைய மோட்டாரில் கரண்டின் ஒரு பங்கு சூடாகவே போய்விடுகிறது; இரவு முழுக்க ஓடிய ஃபானை நிறுத்தி நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். புதியதில் நிரந்தரக் காந்தமும் அதை ஓட்ட ஒரு சின்ன சர்க்கியூட் போர்டும் இருக்கின்றன. கனடாவில் நம் ஆட்கள் வீட்டு பேர்னஸில் சூட்டுக் காற்றை ஊதும் மோட்டாரிலும் இதே மாற்றம்தான் நடக்கிறது. அங்கே குளிருக்கு, இங்கே வெக்கைக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஃபான் நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால், 75 வாட்டுக்கு மாதம் 27 யூனிட். 30 வாட்டுக்கு 11 யூனிட் கூட வராது. ஒரு ஃபானில் 16 யூனிட் மிச்சம், இரண்டில் 32. இதை ஒரு யூனிட் விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. இலங்கையில் நம் கரண்ட் பில் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30 யூனிட்டுக்கு மலிவு விலை. 60-ஐத் தாண்டினால் அந்த மலிவு விலையே இல்லாமல் போய், முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு. நிலையான கட்டணமும் கூடும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறிய காலத்தில்தான் இந்தப் படிகளை நான் ஒழுங்காக வாசித்தேன். பிறகு விலை ஏறி இறங்கினாலும் படிகள் போகவில்லை.

அதனால் 85 யூனிட் எரிக்கும் வீடு 53-க்கு இறங்கினால், குறைவது 32 யூனிட்டின் காசு மட்டுமல்ல, மிச்சம் இருக்கும் 53-இன் விலையும்தான். எங்கள் வீடு இந்த ரகம். இப்போது வெக்கை மாதங்களில் மட்டும் சிலவேளை 60-ஐ எட்டிப் பார்க்கும். 150 யூனிட் எரிக்கும் வீட்டில் குறைவது உச்சிப் படியின் விலையுயர்ந்த யூனிட்கள்; அங்கேயும் லாபம். ஏற்கெனவே 40 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு அவசரமே இல்லை. போட்ட காசு திரும்ப நெடுநாள் எடுக்கும்.

இன்னொன்று, பொழுதுபட்டதும் வோல்டேஜ் விழும் ஊர்களுக்கு. லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் பழைய ஃபான் ஏழு மணிக்கு மேல் முனகிக்கொண்டு சுற்றும். பிஎல்டிசி அதே வேகத்தில் ஓடுகிறது. கரண்ட் நின்றாலும் சின்ன பற்றரி இன்வேர்ட்டரில் கூடுதல் நேரம் தாங்கும்.

பழையதுக்கும் ஒரு நியாயம் உண்டு. வேகம் குறைந்தால் பெரும்பாலும் கப்பாசிட்டர்தான். சந்திக் கடையில் வாங்கி எந்த வயரிங் தம்பியும் மாற்றிவிடுவார். பிஎல்டிசியில் போர்ட் போனால் அதே போர்ட் கிடைக்க வேண்டும். என் ஃபான்கள் இன்னும் ஒரு மாரி மழையைத்தான் கண்டிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு அந்தப் போர்ட் எத்தனை வருடம் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வானம் கறுத்தால் மெயினை அணைத்துவிடுகிறேன். வாங்குபவர்கள் போர்டுக்கும் உத்தரவாதம் உண்டா, எத்தனை வருடம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரையும் கழற்றிவிட வேண்டும். அதோடு சேர்த்துப் பூட்டினால் போர்ட் கெடக்கூடும். அப்புறம் ரிமோட். அம்மாவுக்கு அது இன்னும் பிடிபடவில்லை, சுவிட்சோடு சரி.

விறாந்தை ஃபானை நான் மாற்றவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலம் ஓடுவதற்கு மாதம் இரண்டே கால் யூனிட்தான். கப்பாசிட்டர் போகப் போக மாற்றிக்கொண்டு அது பாட்டுக்கு ஓடட்டும்.