பழைய அச்சுப்படம் வாங்குகிறீர்களா? சட்டத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

140 பவுண்டைத் தொலைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் பழைய அச்சுப்படங்கள் சேர்ப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் வீடு லண்டனின் வடக்கு ஓரத்தில், பார்னெட்டில். காலை நடைக்குப் போகும் வழியில் ஹாட்லி ஹைஸ்டோன் என்றொரு கல்தூண் நிற்கும். 1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறன்று இங்கே நடந்த போரின் நினைவாக 1740இல் நட்டது. 'கிங்மேக்கர்' (அரசர்களை உருவாக்குபவர்) என்று பெயரெடுத்த வாரிக் பிரபு ரிச்சர்ட் நெவில் செத்தது அந்தப் போரில்தான். விடியலில் அடர்ந்த மூடுபனி. ஆக்ஸ்ஃபர்டு பிரபுவின் நட்சத்திரச் சின்னத்தை எதிரியான மன்னர் நான்காம் எட்வர்டின் சூரியச் சின்னம் என்று நினைத்து, வாரிக்கின் ஆட்கள் தங்கள் கூட்டாளிகள் மேலேயே அம்பு விட்டார்கள். 'துரோகம்' என்று கூச்சல் கிளம்ப, படை சிதறியது. குதிரையைத் தேடி ஓடிய வாரிக்கைப் பிடித்துக் கொன்றார்கள்.

அந்தச் சாவைக் காட்டும் படம், '1790களின் செப்புத்தகட்டு அச்சு' என்று ஒரு வியாபாரியின் இணையக் கடையில் கிடந்தது. படத்தில் பனியே இல்லை, பளிச்சென்ற வானம். வாரிக் குதிரைமேல் கம்பீரமாக உயிரை விடுகிறார். அதை மோசடி என்று சொல்ல மாட்டேன், முந்நூறு வருஷம் கழித்து வரைகிறவர் கை அப்படித்தான் போகும். ஆசைப்பட்டுவிட்டேன்.

கண்ணாடி போட்டு, பின்பக்கம் பழுப்பு டேப் ஒட்டி வந்தது. மூன்று மாதம் சுவரில் தொங்கியது. கயிறு அறுந்ததால் சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் டேப்பைக் கிழித்து, காகிதத்தை விரலால் தடவி, லென்ஸை என்னிடம் நீட்டினார். செப்புத்தகட்டை ஈரக் காகிதத்தில் வைத்து அழுத்தினால் ஓரத்தில் தகட்டின் பள்ளம் விழும், கோட்டில் மை லேசாகப் புடைத்து நிற்கும். இதில் பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளத்தின் நிழல்தான் அச்சாகியிருந்தது! வாரிக்கின் முகம் முழுக்க, போட்டோவை அச்சடிக்கும்போது விழும் பொடிப்பொடிப் புள்ளிகள். கொடுமை என்னவென்றால், வயதுக்கு அடையாளம் என்று நான் ரசித்த பழுப்புக் கறைகளும் அதே புள்ளிகளால் ஆனவை. ஏதோ ஒரு அசல் படத்தைக் கறையோடு சேர்த்துப் போட்டோ பிடித்து அடித்திருக்கிறார்கள்.

இணையத்தில் வியாபாரியிடம் வாங்கினால் 14 நாளில் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அது போய்விட்டது. 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்குக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு கம்பெனியிடமே பணத்தைக் கேட்டிருக்கலாம். நான்தான் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டால் 10 பவுண்டு தள்ளுபடி என்றதும் பல்லிளித்துக்கொண்டு போட்டேனே! பொய்யான விவரத்துக்கு இப்போதும் சட்டம் என் பக்கம்தான். ஆனால் மெயிலுக்குப் பதில் இல்லை, தொலைபேசி எடுப்பார் இல்லை, கடைப் பக்கத்தையும் காணோம்.

கடைக்காரர் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல ஓக் மரம், இதுக்கு இருபது பவுண்டு தேறும்" என்றார்.